இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஒரு முக்குளிப்பு

மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டிக் கரீபியக் கடலில் கோஸுமெல் என்றொரு தீவு உண்டு. காலை 8 மணிக்கு அதன் துறையில் ஓர் உல்லாசப் பயணக் கப்பல் வந்து நிற்கிறது. மூவாயிரம் நாலாயிரம் பேர் பயணம் செய்யும் மிதக்கும் நகரம் அது. மாலை 5 மணிக்குப் புறப்பட்டு அடுத்த தீவை நோக்கிப் போய்விடும். இடையில் கிடைக்கும் ஒன்பது மணி நேரத்தில் சிலர் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். சிலர் மணற்கரையில் படுத்துக் கிடக்கிறார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளத் திட்டுகளைக் காணக் கடலுக்குள் இறங்குவோரும் உண்டு. இம்முறைக்கு ஸ்கூபா முக்குளிப்பு என்று பெயர்.

இவர்களிலும் இரு வகையினர் உள்ளனர். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் முக்குளிப்பில் சேர்வோர் ஒரு வகை. தாமே முன்கூட்டித் தீவிலுள்ள முக்குளிப்பு நிலையத்துக்கு எழுதி, தமக்கென இடம் பிடித்துக்கொள்வோர் மற்றொரு வகை. பின்னவருக்குச் சில வசதிகள் உண்டு. நாலைந்து பேர் மட்டுமே செல்லும் சிறு படகு கிடைக்கும். எந்தத் திட்டுக்குப் போவது என்பதை ஓரளவு தாமே சொல்லலாம். செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஒரு வேறுபாடு மிகப் பெரியது. கப்பல் நிறுவனத்தின் படகு தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே போனவருக்காகக் காத்திருக்காது. அவர் தம் செலவில் அடுத்த துறைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

எனவே தனியே முக்குளிப்பவர் கப்பலின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. அது அவருடைய உடலுக்குள், இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் ஓடுகிறது. நைட்ரஜன் என்னும் வாயுவே அதன் முள். கப்பல் கடிகாரம் 'சீக்கிரம் வா' என்கிறது. நைட்ரஜன் கடிகாரமோ 'மெதுவாக வா' என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாளைத் திட்டமிடுவது எப்படி என்று பார்ப்போம். இதற்கு வேண்டிய இயற்பியல் அனைத்தும் உங்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

எந்த மணி சரியான மணி?

முதலில் எளிய கடிகாரத்தைக் கவனிப்போம். எளியதுதான், ஆனாலும் ஏமாற்றக்கூடியது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி நேர வித்தியாசம் என்று படித்திருப்பீர்கள். நடைமுறையில் மண்டல நேரத்தை வகுப்பது தீர்க்கரேகை மட்டுமன்று, அரசாங்கமும்தான். கோஸுமெல் அமைந்துள்ள கின்டானா ரோ மாநிலம் 2015-இல் தன் மண்டல நேரத்தை மாற்றிக்கொண்டது. அன்று முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. கப்பல் புறப்படும் மயாமி நகரமோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கியதாகிவிடும். பெலீஸ் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு மணி நேர வித்தியாசம். ஆக, கோடைக் காலத்தில் மயாமியிலிருந்து கோஸுமெல் வழியாகப் பெலீஸ் செல்லும் கப்பல் மூன்று வெவ்வேறு நேரங்களைச் சந்திக்கிறது.

கப்பல் தன் கடிகாரத்தைத் தீவுக்கேற்ப மாற்றலாம். மாற்றாமல் மயாமி நேரத்திலேயே ஓட்டலாம். அது கேப்டனின் முடிவு. மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். பையிலுள்ள கைப்பேசி கரையிறங்கியதும் தீவின் நேரத்துக்குத் தானாகவே மாறிவிடும். அது 4 மணி காட்டும்போது கப்பலில் மணி 5. துறையில் கயிறு அவிழ்ந்துகொண்டிருக்கும்! அனுபவசாலிகள் விலை மலிந்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது இதனால்தான். தானாக மாறாத கடிகாரம் இங்கே அறிவாளிக் கடிகாரத்தை வென்றுவிடுகிறது.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம்

இனிக் கடலுக்குள் இறங்குவோம். கடல் மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்றின் அழுத்தத்தை ஒரு வளிமண்டலம் என்கிறோம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,025 கிலோகிராம். பத்து மீட்டர் ஆழத்தில் நீர் மட்டும் தரும் அழுத்தம் எவ்வளவு? அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்குங்கள்: 1,025 × 9.8 × 10 = 1,00,450 பாஸ்கல். இது ஏறக்குறைய ஒரு வளிமண்டலமே. எனவே 10 மீட்டரில் மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம். 20 மீட்டரில் 3. 30 மீட்டரில் 4.

இந்த அழுத்தத்தில் மார்பு விரிந்து மூச்சிழுக்க வேண்டுமானால் உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் வர வேண்டும். சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்து, மூச்சிழுக்கும் கணத்தில் மட்டும் கொடுக்கும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். பிரான்ஸ் நாட்டில் 1943-இல் எமில் கான்யான் என்ற பொறியாளரும் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் சேர்ந்து இதை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவினால் மோட்டார் வண்டி ஓட்டினார்கள் அல்லவா? அதற்காகக் கான்யான் செய்து வைத்திருந்த வால்வே இதற்கு முன்னோடி. வண்டிக்கு வாயு ஊட்டிய வால்வு மனிதனுக்கு மூச்சூட்டியது.

ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இங்கே உயிர்நாடி. மாறா வெப்பநிலையில் அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும். மூச்சடக்கி முத்துக் குளிப்பவருக்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. மேலே நிரப்பிய மூச்சு ஆழத்தில் சுருங்கும். திரும்பி வரும்போது பழைய அளவுக்கே விரியும். சிலிண்டர்க் காற்றைச் சுவாசிப்பவர் நிலை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை முழுதும் நிரப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக முயலும். நுரையீரல் இரு மடங்கு விரியாது, கிழியும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வருகையில் கன அளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. கடைசிப் பத்து மீட்டரிலோ முழு மடங்கு கூடுகிறது. ஆகவே மேற்பரப்பு நெருங்க நெருங்க ஆபத்து மிகுகிறது. 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பதுதான் ஸ்கூபா பயிற்சியின் முதல் பாடம்.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதும் பாயில் விதிக் கணக்கே. கரீபியத் தீவுகளில் பெரிதும் வழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 வளிமண்டலத்தில் நிரப்பினால் அதில் அடங்குவது 2,200 லிட்டர்க் காற்று. கால் பங்கை, அதாவது 550 லிட்டரை, அவசரத்துக்கென ஒதுக்கிவிட வேண்டும். மீதி 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 18 மீட்டர் ஆழத்தில், 2.8 வளிமண்டலத்தில், 56 லிட்டர் செலவிடுவார். அவருக்கு 29 நிமிடம்தான். பதற்றமின்றி நிமிடத்துக்கு 14 லிட்டர் சுவாசிக்கப் பழகியவருக்கோ 42 நிமிடம். பல படகுகளில் ஒருவருடைய காற்று தீர்ந்தால் குழுவினர் அனைவரும் மேலே வந்துவிட வேண்டும். பலதரப்பட்ட இருபது பேரோடு போவதைவிடத் தம்மைப்போன்ற நாலு பேரோடு போகச் சிலர் விரும்புவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த 2,200 லிட்டர்க் காற்றுக்கும் எடை உண்டு. லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் வீதம் 2.6 கிலோகிராம்! காற்றைச் சுவாசித்துத் தீர்க்கத் தீர்க்கச் சிலிண்டர் இலேசாகி மேலே மிதக்கப் பார்க்கும். ஆகவே இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டும்போது, முடிவில் எவ்வளவு தேவைப்படும் என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும். நன்னீர்க் குளத்தில் பயிற்சி பெற்றவர் கடலுக்கு வந்தால் ஆர்க்கிமிடிஸ் இன்னும் 2 கிலோகிராம் ஈயம் கேட்பார். 80 லிட்டர் கன அளவுள்ள உடல் வெளியேற்றும் கடல்நீர், அதே அளவு நன்னீரைவிட 2 கிலோகிராம் கனமானது என்பதே காரணம்.

சோடாப் புட்டியும் ஆட்டுக்குட்டிகளும்

இப்போது அந்த இரண்டாவது கடிகாரத்துக்கு வருவோம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. எனினும் சிறிதளவு இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்தே இருக்கிறது. ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அவ்வாயுவின் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டறிந்தார். ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கானால், போதிய நேரம் கொடுத்தால், கரையும் நைட்ரஜனும் மும்மடங்காகும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் என்ன நிகழும்? சோடாப் புட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அந்தக் குமிழிகள் முதுகுத் தண்டிலோ மூட்டிலோ தோன்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்நோயை அறிந்தவர்கள் முக்குளிப்போர் மட்டும் அல்லர், பாலம் கட்டுவோரும்தான். ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அமர்ந்து அடித்தளம் தோண்டிய தொழிலாளர்கள், வேலை முடிந்து வெளியே வந்ததும் மூட்டு வலியால் வளைந்து துடித்தனர். அதனால் இதற்கு 'பெண்ட்ஸ்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதற்கு இரையாகி நடமாட்டம் இழந்தார். அவர் மனைவி எமிலி கணவரின் கட்டளைகளைத் தளத்துக்குக் கொண்டுசென்று வேலையை நடத்த, 1883-இல் பாலம் திறக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்பதைப் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

அப்படியானால் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? இதைக் கணக்கிட்டவர் ஜே. எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். மூட்டு வலித்தால் ஆடு காலைத் தூக்கி நொண்டும். வாய் பேசாவிட்டாலும் விடை தெரிந்துவிடும். 1908-இல் அவரும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட கருத்து இன்றும் அடிப்படையாக நிற்கிறது. உடலை ஒரே பாத்திரமாகக் கருதாமல், வெவ்வேறு வேகத்தில் நிரம்பும் ஐந்து பாத்திரங்களாகக் கருதினார் ஹால்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை நேரம் உண்டு: 5, 10, 20, 40, 75 நிமிடங்கள். இரத்த ஓட்டம் மிகுந்த பகுதி விரைவில் நிரம்பும், விரைவில் காலியாகும். கொழுப்பு மெல்ல நிரம்பும், மெல்லவே காலியாகும். கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் என்று படிக்கிறீர்களே, கணக்கு அதுவேதான்.

நாற்பது நிமிடப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மீட்டரில் கரைக்கு மேற்பட்ட அழுத்தம் 1.8 வளிமண்டலம். அங்கே 40 நிமிடம் இருந்தால் பாத்திரம் பாதி நிரம்பும்; மிகைச் சுமை 0.9. மேலே வந்து படகில் ஒரு மணி நேரம் ஓய்வு. ஒரு மணி என்பது ஒன்றரை அரை நேரம். ஆகவே 0.9 குறைந்து 0.32 ஆகிறது, சுழியாகவில்லை. மீண்டும் 18 மீட்டருக்கே இறங்கினால், பழைய 0.9 என்ற சுமையை எட்ட இம்முறை 40 நிமிடம் வேண்டாம். 29 நிமிடமே போதும். ஆனால் இரண்டாம் முறை 12 மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் 62 நிமிடம் இருக்கலாம். முதலில் ஆழம், பிறகு மேலோட்டம் என்ற வழக்கம் முக்குளிப்போரிடையே எப்படி வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இது ஒரே ஒரு பாத்திரத்துக்கான விளக்கக் கணக்கு. இதை வைத்துக்கொண்டு யாரும் கடலில் இறங்கக்கூடாது. உண்மையான அட்டவணைகள் பல பாத்திரங்களையும் சேர்த்தே கணிக்கின்றன.

பொழுதுபோக்கு முக்குளிப்போரிடையே பெரிதும் வழங்கும் ஓர் அட்டவணைப்படி, 18 மீட்டரில் ஏறக்குறைய 55 நிமிடமும் 30 மீட்டரில் 20 நிமிடமும் இருந்துவிட்டு இடையில் நீண்ட நேரம் நிற்காமல் மேலே வரலாம். 1980-களில் புழக்கத்துக்கு வந்த முக்குளிப்புக் கணினி, மணிக்கட்டிலேயே அமர்ந்து, ஆழம் மாறும்போதெல்லாம் எல்லாப் பாத்திரங்களின் கணக்கையும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகலாகாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, நைட்ரஜன் வெளியேற அவகாசம் கொடுத்த பின்னரே தலையை நீருக்கு மேலே நீட்ட வேண்டும். கப்பல் கடிகாரம் கெடுக்கப் பார்ப்பது இந்த மூன்று நிமிடத்தைத்தான்.

கோஸுமெலில் ஒரு நாள்

இனித் திட்டத்தை வகுக்கலாம். கப்பல் நேரமும் தீவின் நேரமும் ஒன்றே என்று கொள்வோம். 8 மணிக்குத் துறையடைந்த கப்பலிலிருந்து இறங்க 8.45 ஆகிவிடும். கோஸுமெலில் பயணக் கப்பல்களுக்கென மூன்று துறைகள் உள்ளன. எந்தத் துறை என்பதை முன்பே கேட்டு நிலையத்துக்கு எழுதாவிட்டால், படகு ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் நிற்பார்கள். 9.15-க்குப் படகு. தீவின் தென்பகுதியிலுள்ள பாலங்கார் பவளச் சுவரை அடைய 10 மணி. முதல் முக்குளிப்பு 10.05 முதல் 10.45 வரை. பிறகு ஒரு மணி நேர ஓய்வு. அந்த நேரத்தில் படகு வடக்கே துறையை நோக்கித் திரும்பி வரலாம். துறைகளுக்கு அண்மையில் பாரைஸோ என்ற மேலோட்டமான திட்டு இருக்கிறது. அங்கே 12 மீட்டரில் 11.45 முதல் 12.35 வரை இரண்டாவது முக்குளிப்பு. 1.15-க்குக் கரை. கப்பலில் ஏறக் கடைசி நேரம் 4.30 எனில், கையிருப்பு மூன்றேகால் மணி நேரம். படகின் எஞ்சின் பழுதானாலும் இன்னொரு படகு வந்து சேர இது போதும். இந்தக் கையிருப்பைப் பேராசையால் மூன்றாவது முக்குளிப்புக்குச் செலவிடுவோரும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது கணக்குத் தெரியாதவர் செயல்.

கோஸுமெலில் நீந்துவதற்கு அதிகம் வேலையில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் யுகடான் நீரோட்டம் ஆளை ஏந்திச் செல்லும். ஒரு நாட் வேகம் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர், 45 நிமிடத்தில் 1.4 கிலோமீட்டர் தூரம் பவளச் சுவர் கண் முன்னே நகர்ந்து செல்லும். படகு நங்கூரமிடாமல் மேலே எழும் குமிழிகளைப் பின்தொடர்ந்து வரும். கடலடியில் நகரும் படிக்கட்டில் நிற்பதுபோல என்று சொல்லலாம். ஆனால் இறங்கிய இடத்திலேயே ஏற முடியாது. மேலே வருமுன் ஆரஞ்சு நிறக் காற்றுக் குழாய் ஒன்றை ஊதி நூலில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். காதை நம்ப முடியாது என்பதே காரணம். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி கடல்நீரில் 1,500 மீட்டர் செல்கிறது. இரு காதுகளையும் ஒலி அடையும் நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் நாம் திசையை அறிகிறோம். அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுவதால், விரைவுப் படகின் ஓசை எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதாகத் தோன்றும்.

எல்லாத் தீவும் ஒன்றல்ல

கிராண்ட் கேமன் தீவில் பெருங்கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். சிறு படகுகளில்தான் கரைக்கு வர வேண்டும், அவற்றில்தான் திரும்ப வேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காதவர் தவிப்பார். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து காற்று வீசினால் கப்பல் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று நிலையத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நலம். கிட்டிவேக் என்ற அமெரிக்கக் கடற்படையின் பழைய கப்பல் 2011-இல் இங்கே வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதைக் காணவே பலர் இறங்குகிறார்கள்.

பெலீஸ் நாட்டின் நீலக் குழி உலகப் புகழ் பெற்றது. ஏறக்குறைய 300 மீட்டர் அகலமுள்ள வட்டக் குழி. அதனுள் 40 மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக் கற்தூண்கள் தொங்குகின்றன. இத்தகைய தூண்கள் நீருக்குள் உருவாகா. சொட்டுச் சொட்டாக நீர் வடியும் உலர்ந்த குகையிலேயே உருவாகும். பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது என்பதற்கு இவை கல்லில் எழுதிய சாட்சி! ஆயினும் கப்பல் பயணி இதை மறந்துவிடுவதே நல்லது. பெலீஸ் நகருக்கு வெளியே கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சிறு படகில் கரைக்கு வந்து, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரைவுப் படகில் போக வேண்டும். அதே தூரம் திரும்ப வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் 40 மீட்டரில் அழுத்தம் 5 வளிமண்டலம். அட்டவணை தரும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. போதாததற்கு அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் மயக்க மருந்தைப்போலச் சிந்தனையை மந்தமாக்கும். இரு கடிகாரங்களும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்கின்றன.

வெனிசுவேலாவுக்கு வடக்கே உள்ள பொனைர் இதற்கு நேர் எதிர். அங்கே கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கலாம். பவளத் திட்டு நீந்திச் செல்லும் தூரத்தில் இருக்கிறது. படகுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால் நேரம் முழுதும் நம் கையில். தீவைச் சூழ்ந்த கடல் முழுவதும் 1979 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுகிறது. நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். கையுறை அணியக் கூடாது. கையுறை இருந்தால் பவளத்தைப் பற்றிக்கொள்ளக் கை நீளும் என்பதே காரணம். 2014-இல் ஃபுளோரிடாவில் தோன்றிய பவளத் திசு அழிவு நோய் 2018-இல் மெக்சிகோவின் கரீபியக் கரையையும் 2023-இல் பொனைரையும் எட்டிவிட்டது. ஒரு தீவில் நனைந்த கருவிகளைத் தூய்மை செய்யாமல் மறுநாள் அடுத்த தீவில் நனைக்கலாகாது.

நிலையத்துக்கு எழுதும் கடிதம்

தனியே ஏற்பாடு செய்பவர் நிலையத்துக்கு எழுதும்போது என்ன கேட்கலாம்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் தூய ஆக்ஸிஜன் உண்டா, வானொலி உண்டா, கப்பல் தாமதமாக வந்தால் படகு காத்திருக்குமா என்பவை முதன்மையானவை. விலையைக் கடைசியில் கேட்கலாம். அவர்களும் இவரைக் கேட்பார்கள்: பயிற்சிச் சான்று அட்டை, கடைசியாக இறங்கிய தேதி, உடல்நலக் குறிப்பு. ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருந்தால் மருத்துவர் கையொப்பம் வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். துறையில் இறங்கிய பின் தேடினால் அன்றைய பொழுது அதிலேயே கழியும். நீர்புகாப் பையில் கடவுச்சீட்டின் நகல், கொஞ்சம் பணம், துறைமுகத்திலுள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும்.

சிலர் ஆக்ஸிஜன் மிகுந்த நைட்ராக்ஸ் கலவை கேட்பதுண்டு. 32 விழுக்காடு ஆக்ஸிஜன் உள்ள கலவையில் நைட்ரஜன் 68 விழுக்காடே. 20 மீட்டரில் இருப்பவருடைய உடல் 16 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதுபோன்ற நைட்ரஜன் சுமையையே உணரும். ஆயினும் மிகை அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதை அதே பால் பெர்ட்தான் கண்டறிந்தார். ஆகவே இக்கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகலாகாது.

நோய்க் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோள் வலி, தோலில் புள்ளி, கைகால் மரத்துப்போதல், காரணமற்ற களைப்பு ஆகியவை நீரை விட்டு வந்து சில நிமிடத்திலும் தோன்றலாம். பல மணி கழிந்தும் தோன்றலாம். பிந்தித் தோன்றினால் கப்பல் நடுக்கடலில் இருக்கும். குமிழிகளை மீண்டும் அழுத்திக் கரைக்கும் அழுத்த அறை கோஸுமெல், கிராண்ட் கேமன் போன்ற தீவுகளில் உண்டு. பயணக் கப்பல்களில் பொதுவாக இல்லை. அங்குள்ள மருத்துவர் ஆக்ஸிஜன் தந்து காக்கத்தான் முடியும். 'சிலிண்டரைத் தூக்கியதால் வந்த சுளுக்கு' என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு படுத்துவிடுவோர் பலர். வெட்கப்படாமல் உடனே சொல்லிவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் நோய் இது.

இனிக் கடைசிக் கணக்கு. விமானத்தின் உள்ளே அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இராது. 2,400 மீட்டர் உயர மலையில் உள்ளதைப்போல், முக்கால் வளிமண்டலம்வரை இறங்கக்கூடும். முக்குளித்த உடலுக்கு இது மீண்டும் ஒருமுறை சோடா மூடியைத் திறப்பதற்குச் சமம். ஒரே ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் குறைந்தது கழிந்த பின்னரே விமானம் ஏற வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. சான் ஹுவான் துறையிலிருந்து புறப்படும் பயணங்கள் சிலவற்றில் கடைசி நாள்வரை தினம் ஒரு தீவு. கடைசித் தீவில் பிற்பகல் 2 மணிக்கு நீரை விட்டு எழுந்தவர், மறுநாள் காலை 8 மணிக்கு முன்னதாக விமானச் சீட்டு வாங்கியிருக்கக் கூடாது.

நம் கோஸுமெல் பயணிக்கும் இந்தக் கணக்கு உண்டு. கைப்பேசியின் மணியை நம்பி அவர் கப்பலைத் தவறவிட்டார் என்று வையுங்கள். அடுத்த தீவுக்கு விமானத்தில் பறந்து கப்பலைப் பிடிக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் இரண்டாம் முறை நீரை விட்டு எழுந்தது பகல் 12.35-க்கு. அதனுடன் 18 மணியைக் கூட்டுங்கள்: மறுநாள் காலை 6.35. அன்றிரவு எத்தனை விமானங்கள் புறப்பட்டாலும் அவற்றில் ஒன்றிலும் அவருக்கு இடமில்லை. பையிலே பணம் இருக்கலாம். தசையிலே நைட்ரஜன் இருக்கிறது. துறைக்கு எதிரே ஏதேனும் ஒரு விடுதியில் அறை எடுத்து, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் உறங்கப் போகலாம்.